கடைசி இரண்டு எண்கள்

வீட்டில் எனக்குப் பெரியவன் என்று பெயர். வயது இருபத்து நான்கு. ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், சலவை அறையில், துண்டு வண்டிக்குப் பின்னால் நின்று இதைப் போனில் பேசிப் பேசி எழுத்தாக்குகிறேன். கையெல்லாம் ஈரம், தட்ட முடியாது.

ஐந்து வாரத்துக்கு முன்பு இதே இடத்தில்தான் அப்பாவின் அழைப்பை எடுத்தேன்.

"ஒரு நம்பர் வரும். சொல்லு" என்றார்.

எப்படி இருக்கே, சாப்பிட்டியா, எதுவும் கிடையாது. லாரி ஓட்டுகிறவர். போனிலும் என்ஜின் சத்தத்தை மீறிக் கத்துவதுபோலத்தான் பேசுவார்.

தங்கை சில்வண்டின் கல்லூரி விண்ணப்பத்தில் இருப்பது என் எண். பள்ளி முடிகிறவரை அவள் கையில் போன் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அவருடைய போனோ பாதி நாள் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். அதனால் அவளுடைய படிப்புப் பட்டியலில் யார் எதை மாற்றினாலும், ஆறு இலக்கத்தில் ஓர் எண் கடல் தாண்டி எனக்குத்தான் வரும். அதைச் சொன்னால்தான் மாற்றம் ஏறும்.

அன்றைக்குக் கடைசி நாள். பட்டியல் மூட அரை மணி நேரம் இருந்தது.

"இப்ப எதுக்குப்பா?"

"எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கத்தான்."

இந்த வார்த்தை எனக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்பு என் பட்டியலையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் வாங்கினார். ஓவியம் என்று எழுதிக் கொடுத்தவன், இயந்திரவியல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இரண்டு வருடம் தாக்குப்பிடித்தேன். இப்போது படுக்கை விரிப்பு மடிக்கிறேன்.

சில்வண்டுக்கு நிலவியல் வேண்டும். சின்ன வயதிலிருந்து அவள் பையில் கல் இல்லாத நாள் கிடையாது. "கல்லு பொறுக்க எதுக்குடி காலேஜு, ரோட்டுலயே கெடக்கே" என்பார் அப்பா. கம்ப்யூட்டர்தான், அதுவும் அவர் முதலாளி மகன் படித்த கல்லூரியில்தான் என்று நான்கு மாதமாக வீட்டில் ஒரே யுத்தம்.

அந்த அழைப்புக்கு இரண்டு வாரம் முன்பு அவள் பள்ளிக் கணினியிலிருந்து எண் கேட்டபோது, ஏன் என்றுகூடக் கேட்காமல் கொடுத்தேன். அவள் நினைத்தது ஏறிவிட்டது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது அதைக் கலைக்க வந்திருக்கிறார்.

எண் வந்தது. கடைசி இரண்டையும் இடம் மாற்றிச் சொன்னேன்.

அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டினார். தப்பு என்று வந்தது.

"ஒழுங்கா பாத்துச் சொல்றா. அதுவும் வராதா உனக்கு?"

அடுத்த எண் வந்தது. அதையும் மாற்றினேன்.

அப்பா போயிருந்த கணினி மையக்காரர் குரல் பின்னால் கேட்டது. "சார், இன்னொரு தடவ தப்பாச்சுன்னா பூட்டிக்கும். அப்புறம் நானே நெனச்சாலும் தெறக்க முடியாது."

எனக்கு வேண்டியதும் அதுதான்.

"கொஞ்சம் மெதுவா சொல்லுப்பா" என்றார் அப்பா. "கண்ணாடி கொண்டு வரல."

அவர் என்னிடம் இப்படித் தணிந்து பேசி எத்தனை வருடமாயிற்று. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஒவ்வோர் எண்ணாக, நிறுத்தி நிதானமாக, தப்பாக.

பூட்டிக்கொண்டது.

அவர் போனை வைத்தார். நான் சீட்டியடித்துக்கொண்டே வண்டியைத் தள்ளினேன்.

ஒரு மணி நேரம் கழித்து அம்மாவின் போனிலிருந்து சில்வண்டு கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"நாலு நாளா சாப்புடாம கெடந்தாரேன்னு நான்தாண்ணா அன்னிக்கு உங்கிட்ட நம்பர் வாங்கிக் கம்ப்யூட்டர்னு போட்டேன். இன்னிக்கு அவரே வந்து, உன் இஷ்டப்படியே மாத்திடறேன், நீ எழுதி வச்ச பேப்பரக் குடுன்னு வாங்கிட்டுப் போனாரு. நானும் வரேன்னேன், வேணாம்னுட்டாரு. போயி மூணு தடவ தப்புத் தப்பா அடிச்சிருக்காரு. வேணும்னே அடிச்சிருக்காருண்ணா!"

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. கத்தவில்லை.

"வெரல் தடுமாறிடுச்சும்மா."

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அவரப் பத்தித் தெரியாதா உனக்கு? நம்பிக் குடுத்தது உன் தப்பு."

அன்றிலிருந்து அவள் அவரை அப்பா என்று கூப்பிடுவதில்லையாம். லாரிக்காரர் என்கிறாளாம். அவர் சாப்பிட வந்தால் தட்டோடு எழுந்து போய்விடுகிறாளாம்.

அப்பா புதுக் கண்ணாடி வாங்கியிருக்கிறாராம். தினமும் போனை மேசையில் வைத்துக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கிறாராம். "உங்கப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுடா" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு அவள் கல்லூரிக்குப் பேருந்து ஏறுகிறாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ஆள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

இதைக் குடும்பக் குழுவில் போடுகிறேன். முதலில் பார்ப்பது யாராக இருந்தாலும், பேருந்து கிளம்புவதற்குள் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும்.