பொட்டு நிற்காத படம்

மகள் துளிரின் நினைவு நாளன்று, குளித்துவிட்டுக் குங்குமச் சிமிழோடு கூடத்துக்கு வந்த இளநகைக்குக் கோபம் தலைக்கேறியது. சுவரில் மாட்டியிருந்த படத்துக்குள் துளிர் கைகால் அசைத்து ஓடிக்கொண்டிருந்தாள்.

பள்ளி வேனைப் பிடிக்க மகள் ஓடுவதை இளநகையே பென்சிலால் வரைந்த படம் அது. ஒரு காலைத் தரையில் படாமல் விட்டு, சடையைப் பின்னால் பறக்கவிட்டு, முதுகுக்குப் பின்னே நாலு கோடு இழுத்திருந்தாள். அவ்வளவுதான், பிள்ளை காற்றாய்ப் பறந்தாள்.

"எல்லார் வீட்லயும் படம் அசையுது. நம்ம புள்ள மட்டும் அப்படியே கெடக்கணுமான்னுதான் படத்தை அசைய வைக்கிற கடையில குடுத்தேன்," என்றான் அவள் கணவன் மகிழ்நன்.

"நான் வரைஞ்ச தாள் எங்க?"

"படத்துக்கு உயிர் குடுக்கணும்னா தாளைக் கரைச்சுத்தான் ஆகணுமாம்."

சிமிழை அவன் கையில் திணித்தாள். "அப்ப நீங்களே பொட்டு வைங்க. வைங்க, பாப்போம்!"

மகிழ்நன் குங்குமம் தொட்ட விரலை நீட்டினான். நெற்றி நழுவிப் போனது. கண்ணாடியின்மேல் விரல் துரத்திக்கொண்டே போக, அதன் பின்னால் ஒரு சிவப்புக் கோடு நீண்டது. படத்தின் ஓரம் வந்ததும் துளிர் நின்றாள். அடுத்து என்ன செய்வதென்று தெரியாதவள்போலக் கைகளைத் தொங்கவிட்டாள்.

அவன் அவசரமாக அந்த நெற்றியில் பொட்டு வைக்கப் போனான். இளநகை அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"என் படத்துல எட்டு வருசமா ஓடிக்கிட்டே இருந்தாய்யா என் புள்ள. நீதான் நிறுத்திட்ட."