மஞ்சள் தீற்றல்

“மன்னிக்கணும்மா, அந்தப் படம் மட்டும் விலைக்கு இல்ல.”

கண்காட்சி மூடும் நேரம். விளக்கை அணைக்க வந்த ஓவியர் இப்படிச் சொன்னதும், ஆற்றுப் பாலத்துப் படத்தின் முன்னால் நெடுநேரமாக நின்றிருந்தவள் திரும்பினாள்.

“வாங்க வரல சார். பார்க்கத்தான் வந்தேன்.”

கிட்டப் போனால் வெறும் வண்ணத் தீற்றல்கள். நாலடி தள்ளி வந்தால் அந்தி வெயிலில் ஆறு மினுங்கியது. மேலே கல்பாலம். அதன் நடுவில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, விரல் நுனி அளவுக்கு ஒரு மஞ்சள்.

“அந்த மஞ்சள் சால்வை நான்தான் சார்.”

ஓவியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“வீட்டுக்குத் திரும்பிப் போற நினைப்போட நான் அன்னிக்கு வரல. அந்தச் சுவர்ல கையை வச்சுட்டேன். கீழே கரையிலருந்து நீங்க பிரஷ்ஷை ஆட்டிக்கிட்டுக் கத்தினீங்க. ‘அசையாதேம்மா! உன்னைத்தான் வரைஞ்சுக்கிட்டிருக்கேன், படத்தைக் கெடுத்துடாதே!’ன்னு.”

“ஞாபகம் இருக்கும்மா.”

“யாருடா இந்த ஆளுன்னு எரிச்சலா வந்துச்சு. ஆனாலும் படம் கெட்டுடுமேன்னு நின்னேன். முகத்தைத் திருப்புன்னீங்க, சால்வையை இழுத்து விடுன்னீங்க. இருட்டுற வரைக்கும் விடல. கால் கடுத்துச்சு, அழுகை வந்துச்சு, அப்புறம் அகோரமாப் பசிச்சுது. பசிச்சதும் அம்மா ஞாபகம் வந்துடுச்சு. வீட்டுக்குப் போயிட்டேன்.”

சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

“இப்ப எனக்கு ரெண்டு பொண்ணுங்க சார். ரெண்டும் வாயாடி. நீங்க மட்டும் அன்னிக்குப் படம் வரைய வராம இருந்திருந்தா... உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.”

“நான்தாம்மா உனக்குச் சொல்லணும்.” அவர் படத்தின் பக்கம் திரும்பினார். “நான் அன்னிக்குப் படம் வரைய வரல.”

“அப்போ?”

“படகுக்குத் தார் பூசிக்கிட்டிருந்தேன். அப்போ அதுதான் என் பிழைப்பு. ஓடி வந்தாலும் உன்னை எட்ட முடியாதுன்னு வாய்க்கு வந்ததைக் கத்தினேன். நீ பாட்டுக்கு, ‘ஒருநாள் வந்து படத்தைப் பார்ப்பேன்’னு சொல்லிட்டுப் போயிட்ட... வந்து கேட்டா காட்டணுமேன்னுதான், அதுக்கப்புறம் நான் வரையவே கத்துக்கிட்டேன்.”