கத்திரி போட்ட பட்டை

“நீங்கதானே கத்திரி?”

ஆடிட்டர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். “அப்படித்தான் கூப்பிடறாங்க.”

“ஒரு மனுஷி பேரை அழிக்கிறதுல உங்களுக்கு என்ன சார் அவ்வளவு சந்தோஷம்?”

இணையக் கலைக்களஞ்சியத்தில் காசு வாங்காமல் எழுதுகிறவர்கள் சனிக்கிழமை மதியம் கூடுகிற கம்ப்யூட்டர் சென்டர் அது. கேட்டவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எழுத வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு பெண் ஆம்புலன்ஸ் டிரைவரைப் பற்றி அவள் எழுதிய முதல் கட்டுரையின் தலையில், ‘இதை நீக்கிவிடலாமா? ஒரு வாரம் விவாதிப்போம்’ என்று ஒரு சிவப்புப் பட்டை. போட்டவர் கத்திரி. அவர் கண்ணில் பட்டு முழுசாகத் தப்பிய கட்டுரையே கிடையாது என்பார்கள்.

“எட்டு வரி இருக்கு. ஆதாரம் ஒண்ணுகூட இல்லை” என்றார் அவர். “அவங்கதான் இந்த ஊர்ல முதல் பெண் ஆம்புலன்ஸ் டிரைவர்னு எழுதியிருக்கீங்க. யார் சொன்னா?”

“நான் சொல்றேன். வெள்ளத்துல எங்கம்மாவை ஏத்திக்கிட்டு வந்தது அவங்கதான். அந்த வண்டியிலதான் நான் பொறந்தேன்!”

“பொறந்தவங்க சாட்சி செல்லாதும்மா. அச்சுல வந்திருக்கணும். ஒரு வாரம் இருக்கு, தேடுங்க.”

யாரோ சிரித்துவிட்டார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பல் டாக்டர்தான் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். அந்தக் கூட்டத்துக்கு நிர்வாகி அவர். கட்டுரையை அழிக்கிற பொத்தான் அவர் கையில் இருந்தது. “உட்காருங்கம்மா. அவர் சுபாவமே அப்படி. எல்லாருமா சேர்ந்து பார்க்கலாம்.”

“அந்த டிரைவரம்மாகிட்ட காட்டிட்டேன் சார். படுத்த படுக்கையா இருக்காங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாங்க. ‘என் பேரு இனிமே இருக்கும்ல?’ன்னு கேட்டாங்க. இருக்கும்னு சொல்லிட்டேன். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க போவேன்?”

ஆடிட்டர் பாட்டுக்கு லேப்டாப்பில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். என்ன மனுஷனோ!

அந்த வாரம் விவாதப் பக்கம் சந்தைக்கடை ஆனது. கத்திரி மேல் ஏற்கெனவே கடுப்பில் இருந்த அத்தனை பேரும் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள்.

‘முதல் பெண் என்பதற்கு ஆதாரம்?’ என்று அவர் கேட்டார். போன மாதம்தான் அவரிடம் ஒரு கட்டுரையைப் பறிகொடுத்த நூலகர், பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டிச் செய்தியைப் பிடித்துவிட்டார்.

‘வெள்ளத்தில் ஓட்டினார் என்பதற்கு?’ என்றார். மருத்துவமனையின் ஆண்டு மலர் ஒன்று படத்தோடு வந்து இறங்கியது.

‘இது போதாது’ என்றார். இன்னொரு செய்தி வந்தது. ‘இப்ப என்ன சொல்றீங்க?’ என்று ஒருவர் மல்லுக்கு நிற்க, ‘ஆண்டு தப்பு’ என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சரிசெய்தார்கள்.

எட்டு வரி இரண்டு பக்கமானது. சனிக்கிழமை காலை பல் டாக்டர் முடிவை எழுதினார்: ‘கட்டுரை இருக்கும்.’ பட்டை போய்விட்டது.

மதியம் அவள் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தாள். ஒரு வாரமாகத் தொலைந்திருந்த சிரிப்பு முகத்துக்குத் திரும்பியிருந்தது. “அந்தம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். ‘பாதித் தண்ணியில வண்டி நின்னதுகூட எழுதியிருக்கே!’ன்னு சிரிக்கிறாங்க!”

எல்லோருக்கும் நீட்டிக்கொண்டே வந்தவள், ஆடிட்டரை மட்டும் தாண்டிப் போனாள். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

“நல்லவேளை, நீங்க இருந்தீங்க டாக்டர். அந்த ஆள்கிட்டயிருந்து காப்பாத்திட்டீங்க.”

பிஸ்கட் எடுக்கப்போன கையை டாக்டர் இழுத்துக்கொண்டார்.

“எனக்கு வேண்டாம்மா. உங்க கட்டுரைக்கு முதல்ல பட்டை போட்டது அவர் இல்லை. நான்.”

“நீங்களா?”

“‘உடனே நீக்கு’ன்னு போட்டேன். அதுக்கு விவாதமெல்லாம் கிடையாது. கிளினிக்ல ஒரு பல்லைப் பிடுங்கிட்டு வந்து அழிச்சிடலாம்னு போனேன். திரும்பி வந்து பார்த்தா, என் பட்டையை எடுத்துட்டு இவர் தன் பட்டையைப் போட்டிருந்தார். விவாதம்னு ஒண்ணு ஆரம்பிச்சுட்டா, ஒரு வாரத்துக்கு நிர்வாகிகூடத் தொட முடியாது. அன்னிக்கு நீங்க அழுதப்பவே சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரலை.”

அவள் திரும்பி நடந்தாள். பாக்கெட்டை அப்படியே ஆடிட்டரின் லேப்டாப் பக்கத்தில் வைத்தாள்.

“ஏன் சார், ‘இதைக் காப்பாத்துங்க’ன்னு நேராவே போட்டிருக்கலாமே? எதுக்கு இத்தனை பேர்கிட்ட திட்டு வாங்கினீங்க?”

அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

“காப்பாத்துங்கன்னு போட்டா, ‘ஐயோ பாவம்’னு சொல்லிட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. கத்திரி வெட்டப் போறான்னு தெரிஞ்சாத்தாம்மா எல்லாரும் ஓடி வருவாங்க.”

பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வெளியில மட்டும் சொல்லிடாதீங்க. இன்னும் மூணு கட்டுரைக்குப் பட்டை போட்டு வெச்சிருக்கேன்.”