கழுகின் பொங்கல்

'செங்கழுகு' வரிசைப் படங்கள் மூன்றிலும் ஹீரோவுக்குப் பதிலாகக் கூரையிலிருந்து குதித்தது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தது எல்லாம் ஏசுபாதம்தான். அவருடைய முதுகை ஊரே பார்த்திருக்கிறது. முகத்தை யாரும் பார்த்ததில்லை. மூன்றாம் படம் ஓடிய வருடம், ஒரு தொலைக்காட்சி அதே கழுகு வேஷத்தை வைத்துப் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி எடுத்தது. படப்பிடிப்புக்கு ஹீரோ வரவேயில்லை. வேறு வழியில்லாமல் ஏசுபாதத்துக்குச் சிறகை மாட்டிக் கேமரா முன்னால் நிறுத்தினார்கள். கழுகு கரும்பு வெட்டியது, வில்லனோடு கும்மியடித்தது, அட்டை ராக்கெட்டில் ஏறி "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது. பார்த்தவர்கள் காறித் துப்பினார்கள். தொலைக்காட்சி அதை மறுபடி காட்டவேயில்லை.

பல வருடம் கழித்து, பார்த்துச் சிரிப்பதற்கென்றே சில இளைஞர்கள் அதை ஓர் அரங்கில் திரையிட்டார்கள். ஏசுபாதத்தையும் அழைத்திருந்தார்கள். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவி ரோஸ்லினோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ராக்கெட் சாய்ந்தபோது அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது, அவரும் சிரித்தார்.

முடிந்ததும் ஒருவன் மைக்கைப் பிடித்தான். "சார், இதுல நடிச்சோமேன்னு என்னைக்காவது வெக்கப்பட்டிருக்கீங்களா?"

"எதுக்குப்பா வெக்கம்? மூணு படத்துலயும் எலும்பு என்னுது, மூஞ்சி அவரோடது. இதுல மூஞ்சியும் என்னுது."

கைதட்டல் அடங்கும்வரை ரோஸ்லின் காத்திருந்தாள். "தம்பி, பஸ் லேட்டாயிடுச்சு. நாங்க ஆரம்பத்தைப் பாக்கல. முதல்லேருந்து போடுறீங்களா?"

போட்டார்கள். இந்த முறை அவள் திரையைப் பார்க்கவில்லை. பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, திரையில் தன் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.