குமிழி

காய்ச்சலுக்குப் பிறகு பவுல்ராஜுக்கு வாசனையே தெரிவதில்லை. மாதா கோயில் திடலில் ஃப்ரைடு ரைஸ் வண்டி போடுகிறவன் மூக்கில்லாமல் என்ன செய்வான், சொல்லுங்கள். அவன் மனைவி எஸ்தர்தான் அவனுக்கு மூக்கு. தினமும் அவள் குனிந்து முகர்ந்து, “ம், பத்த வைங்க” என்ற பிறகுதான் அந்தப் பெரிய அடுப்பு எரியும். இன்று அவளுக்குச் சளி. தொண்டையும் கட்டிவிட்டது.

“அண்ணாச்சி, கேஸ் வாடை அடிக்கா?” என்று முன்னால் நின்றவரிடம் கேட்டான்.

“திடல் பூரா சிக்கன் வாசந்தாம்ல அடிக்கு. சீக்கிரம் போடு, பசி உசுரு போவுது.”

மனம் கேட்காமல் சோப்பு நுரையை எடுத்துக் குழாய் நெடுகத் தடவினான். சிலிண்டரின் வாயில் ஒரு குமிழி எழுந்தது. வால்வைத் திருகி மூடினான். குமிழி வளர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கினான். வளர்ந்தது.

“எஸ்தரு, எல்லாரையும் தள்ளிப் போவச் சொல்லு!” வண்டிக்கு அடியில் தலையை விட்டிருந்தவனின் குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்க, கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. பக்கத்தில் சோளம் சுடுகிறவர் கரியை விசிறிக்கொண்டிருந்தார். போங்க, போங்க என்று அவரைப் பார்த்துக் கையை வீசினாள்.

“கூப்பிடுதியளா மதினி? இந்தா, வண்டியோட வாரேன்” என்று சிரித்தபடி தள்ளிக்கொண்டு வந்தார். கரியிலிருந்து பொறி பறந்தது.

பவுல்ராஜ் குமிழியின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். விரலிடுக்கில் இன்னொன்று மெல்ல எழுந்தது.