ஏழாவது தையல்

தையல் பிரிப்பது பத்து நிமிட வேலை. அந்த அம்மாவுக்கு வலது தொடையில் ஏழு தையல். பத்து நாளுக்கு முன் அங்கிருந்து கொஞ்சம் சதை எடுத்து, அதிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, அவளுடைய குழந்தையின் தளர்ந்த இதயத்தில் ஊசியால் செலுத்தினார்கள். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் துணுக்குகள் அவை; பிள்ளைக்குத் தாயிடமிருந்து மட்டுமே வருபவை. "அம்மா ஒரு தடவை கொடுத்ததுதானே, இன்னொரு தடவை கொடுக்கட்டும்" என்றார் டாக்டர். இதயம் நன்றாகத்தான் பிடித்துக்கொண்டது. நிமிடத்துக்கு நூற்று நாற்பது துடிப்பு. மூன்றாம் நாள் நின்றுவிட்டது.

துக்கம் விசாரிக்க எனக்கு வராது. கத்தரியை எடுத்தேன்.

"தையல் போட்ட இடம் துடிக்குது சிஸ்டர்."

"சதை எடுத்தா அப்படித்தான்மா இருக்கும். சரியாப் போயிடும்."

எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன். ஆறு தையலைப் பிரித்தபின் விரல் வைத்துப் பார்த்தேன். துடித்தது. பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நூற்று நாற்பது. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். எழுபத்திரண்டு. மறுபடி தொடையில் வைத்தேன். அதே நூற்று நாற்பது.

"விரலை எடுக்காதீங்க," என்றாள். காயத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொடுத்தாள். நூற்றிருபது. நூற்றுப் பத்து. பிறகு சீராக நூறு.

"இப்பதான் தூங்குறான்."

ஏழாவது தையலை அப்படியே விட்டேன். கத்தரியைத் தட்டில் வைத்தேன், சத்தம் வராமல்.