எலிக்கு இறங்கிய சர்க்கரை

"எலி பொய் சொல்லாதும்மா. மனுஷங்கதான் சொல்லுவாங்க."

பேராசிரியர் மேசைமேல் கிடந்த ஆராய்ச்சி மாணவியின் இரண்டு வரைபடங்களையும் விரலால் தள்ளினார். முதல் சோதனையில், கசப்புக்கொடிப் பொடியைக் கரைத்துப் புகட்டிய எலிகளுக்கு ரத்தச் சர்க்கரை சறுக்குமரத்தில் இறங்குவதுபோல் இறங்கியிருந்தது. இரண்டாவதில் அதே கொடி, அதே அளவு. சர்க்கரை அசையவே இல்லை.

"நான் எதையும் மாத்தி எழுதலை, சார்."

"முதல்ல குடுத்த பொடி ஏது?"

"வீட்ல அம்மா இடிச்சது. எங்கப்பாவுக்கே அதுலதான் சர்க்கரை இறங்குச்சு. அதைப் பாத்துதான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தேன். ரெண்டாவது தடவை நீங்க சொன்னபடி அதே கொடியில பறிச்சு, இங்கேயே காயவெச்சு அரைச்சேன்."

"ஒரே கொடிக்கு ரெண்டு குணமா? யாருக்குக் காதுல பூ சுத்தறே? வீட்ல படிச்சவங்க இருந்திருந்தா, ஆராய்ச்சின்னா என்னன்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க. நாளைக்குக் காரணத்தோட வா. இல்லேன்னா பட்டத்தை மறந்துடு."

வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அவளைப் பேசியிருந்தால் போகிறது. வீட்டை எதற்கு இழுக்கிறார்? எலிக்கூண்டுகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். உள்ளே எலிகளும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தன. இருப்புக் கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

கூடத்தில் அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"என்னம்மா, எலியெல்லாம் தேறிடுச்சா? தேறாம எங்க போகும். டாக்டர் பேச்சைக் கேட்டு மாத்திரையா முழுங்கியிருந்தா என் கிட்னி என்னிக்கோ போயிருக்கும். இப்பப் பாரு, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்."

நேராகச் சமையலறைக்குள் போனாள். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பொடியை எப்படிச் செய்வே? வெயில்ல காயவெப்பியா, நிழல்லயா? காம்பையும் சேத்து இடிப்பியா?"

"எல்லாரும் செய்யற மாதிரிதான்."

"எல்லாரும் செய்யற மாதிரி செஞ்சுதான் எலி ஏமாத்திடுச்சு. பொடி டப்பாவைக் குடு. நாளைக்கு அந்தாளு கண்ணெதிர்லயே புகட்டிக் காட்டறேன்."

அம்மா ஈரக் கையோடு டப்பாவை எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம்டி."

"என்னை ஃபிராடுங்கறாரும்மா. இத்தனை வருஷம் படிச்சதெல்லாம் போயிடும். உனக்கு ஒரு டப்பாப் பொடி பெருசாப் போச்சா?"

"எலிக்குன்னு நீ அள்ளிட்டுப் போனப்பவே தடுக்கப் பாத்தேன். உங்கப்பா பக்கத்துலயே நின்னாரு, நான் என்னத்தைச் சொல்ல?"

அம்மா கூடத்தை எட்டிப் பார்த்தாள். பேச்சு வெளியே கேட்காதபடி குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"உங்க சார்கிட்ட என்ன வேணா சொல்லிக்கோ. உங்கப்பாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே. மாத்திரையைக் கண்டாலே தூக்கி வீசற மனுஷன்டி. நுணுக்கிப் பொடியில கலக்காம, வேற எப்படித்தான் நான் அவரை உசுரோட வெச்சிருக்கறது?"